முழுசு எது என்று முதலில் கேளுங்கள்: வட்ட விளக்கப்படம் பழகுவோருக்கு

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினம் பக்கம் எங்கள் வீட்டுக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. மொத்தம் 120 மரங்கள். அதில் 60 பெங்களூரா. கிளிமூக்கு என்றும் சொல்வோம், பெரும்பாலும் கூழ் ஆலைக்குப் போகிற காய். 30 மரம் நீலம், 20 மரம் செந்தூரா, மீதி 10 அல்போன்சா.

இப்போது ஒரு சுவர்க் கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முள்ளை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் முகம் மட்டும். அந்த வட்டம்தான் எங்கள் தோப்பு, 120 மரமும் அதற்குள் அடக்கம். கடிகாரத்தில் 12 மணி இருப்பதால் ஒரு மணிநேர இடத்துக்கு 10 மரம் என்று வைத்துக்கொள்ளலாம். 12-லிருந்து 6 வரை பெங்களூரா. 6-லிருந்து 9 வரை நீலம். 9-லிருந்து 11 வரை செந்தூரா. 11-லிருந்து 12 வரை அல்போன்சா. இந்த எல்லை ஒவ்வொன்றிலிருந்தும் நடுப்புள்ளிக்கு ஒரு கோடு இழுத்தால் வட்டம் நான்கு துண்டாகிவிடும். பை சார்ட் என்பது இதுதான். தோப்பைப் பார்க்காதவர்கூடப் படத்தைப் பார்த்ததும் "பாதித் தோப்பு பெங்களூராதான்" என்று சொல்லிவிடுவார்.

பெயர் சிலரைக் குழப்புவதைப் பார்த்திருக்கிறேன். வட்டத்தின் சுற்றளவுக்குப் பயன்படுத்துகிற 3.14 என்கிற பையும் இந்தப் பையும் தமிழில் ஒரே மாதிரி எழுதப்படுவதால், இரண்டும் ஒன்றுதான் என்று நினைக்கிற மாணவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு. இந்தப் பை, மேல்நாட்டில் வட்டத் தட்டில் சுட்டு ஆளுக்கொரு துண்டாக வெட்டித் தருகிற ஒரு பண்டம். படம் அந்த வெட்டிய தட்டைப் போல இருப்பதால் அந்தப் பெயர். வரைவதற்கான கணக்கில் 3.14 எங்கேயும் வராது.

நம் பாடநூல் இதை வட்ட விளக்கப்படம் என்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் வட்டக்கோணப்பகுதி என்று பெயர். அந்தத் துண்டு காட்டுகிற பங்கைக் கூறு என்று சொல்வார்கள். கூறு என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வாரச் சந்தையில் தக்காளியைக் கூறு கட்டி வைத்திருப்பார்களே, அதே சொல்தான். குவியல் ஒன்று இருந்தால்தான் அதைக் கூறு கட்ட முடியும். வட்ட விளக்கப்படத்துக்கும் அதுவே முதல் விதி: முழுசு என்று ஒன்று இருக்க வேண்டும், துண்டுகள் எல்லாம் அந்த முழுசிலிருந்து பிரிந்தவையாக இருக்க வேண்டும், எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்தால் அதே முழுசு வர வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால்தான் வட்டம் வரையலாம். இல்லையென்றால் வேறு படம் தேடிக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்ப வரப்போவது இந்த இடத்துக்குத்தான்.

இந்த வகைப் படத்தை முதலில் அச்சில் கொண்டுவந்தவர் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1801-ல் வெளியான அவருடைய நூலில், துருக்கிப் பேரரசின் நிலப்பரப்பு ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா என மூன்று கண்டங்களில் எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்பதை ஒரு வட்டத்தில் காட்டினார். அங்கேயும் பாருங்கள், ஒரு பேரரசு என்ற முழுசு, அதன் மூன்று கூறுகள். நம் ஊரில் பலரும் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கிற வட்டப்படம், மத்திய பட்ஜெட் அன்று செய்தித்தாளில் வருகிற "ஒரு ரூபாய் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது" என்ற நாணயப் படம். ஒரு ரூபாய்க்கு 100 காசு, ஒவ்வொரு காசும் ஒரு சதவீதம். முழுசு எது என்பதில் யாருக்கும் சந்தேகமே வராது. அதனால்தான் அந்தப் படம் எல்லோருக்கும் புரிகிறது.

சரி, கையால் வரைவது எப்படி என்று பார்ப்போம். கவராயம், கோணமானி, அளவுகோல், பென்சில் போதும்.

வட்டம் முழுவதற்கும் 360 பாகை. எங்கள் தோப்பில் 120 மரம் இருப்பதால், 360-ஐ 120-ஆல் வகுத்தால் ஒரு மரத்துக்கு 3 பாகை. பெங்களூரா 60 மரத்துக்கு 180 பாகை. நீலத்துக்கு 90. செந்தூராவுக்கு 60. அல்போன்சாவுக்கு 30. கூட்டிப் பார்த்தால் 360 வருகிறது. பாடநூல் இதையே சூத்திரமாகச் சொல்லும்: கூறின் மதிப்பை மொத்த மதிப்பால் வகுத்து 360-ஆல் பெருக்கினால் மையக்கோணம், அதாவது நடுப்புள்ளியில் அந்தத் துண்டு எடுத்துக்கொள்கிற கோணம். சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட, "ஒன்றுக்கு எத்தனை பாகை?" என்று முதலில் கேட்டுக்கொள்வது எனக்கு எளிதாக இருக்கிறது. சதவீதமாகக் கையில் இருந்தால் இன்னும் சுலபம், ஒரு சதவீதத்துக்கு 3.6 பாகை.

வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள், கவராயத்தை 5 சென்டிமீட்டருக்காவது விரித்து. சின்ன வட்டத்தில் 30 பாகைத் துண்டுக்குள் பெயர் எழுத இடம் இருக்காது. நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே, கடிகாரத்தில் 12 இருக்கிற இடத்துக்கு, ஒரு கோடு போடுங்கள். அங்கிருந்து கடிகாரம் சுற்றுகிற திசையில் பெரிய கூறு முதலாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

இங்கே பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். ஒரு துண்டை வரைந்ததும் கோணமானியைப் புதுக் கோட்டின் மேல் வைத்து அடுத்த துண்டை அளப்பார்கள். ஒவ்வொரு முறையும் அரைப் பாகை, ஒரு பாகை பிசகும். ஆறாவது துண்டுக்கு வரும்போது பிசகெல்லாம் சேர்ந்து கடைசித் துண்டு ஒல்லியாகவோ பருத்தோ போய்விடும். அதற்குப் பதில் கோணங்களைக் கூட்டிக்கொண்டே போங்கள்: 180, 270, 330, 360. எல்லாவற்றையும் முதல் கோட்டிலிருந்தே அளந்து குறித்துவிட்டு, அப்புறம் கோடு போடுங்கள். அரைவட்டக் கோணமானியில் 180-க்கு மேல் அளக்க முடியாதே என்றால், 360-லிருந்து கழித்து எதிர்த்திசையில் அளக்கலாம். 270-க்குப் பதில் இடப்பக்கமாக 90. 330-க்குப் பதில் இடப்பக்கமாக 30.

எங்கள் தோப்பு கணக்குக்கு வசதியாக அமைந்துவிட்டது. உண்மையான தரவு பெரும்பாலும் இப்படி வராது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தில் 15,06,843 பேர். அவர்களில் நகரங்களில் இருந்தவர்கள் சுமார் 17.3 சதவீதம். 3.6-ஆல் பெருக்கினால் 62.28 பாகை. கோணமானியில் 62 என்று வைத்துக்கொள்வோம், மீதி 298 பாகை கிராமம். முழு எண்ணாக்கும்போது சில சமயம் மொத்தம் 359 அல்லது 361 ஆகிவிடும். அப்போது அந்த ஒரு பாகையை மிகப் பெரிய துண்டில் சரிக்கட்டுங்கள், அங்கே கண்ணுக்குத் தெரியாது. ஆனால் துண்டுக்குள் எழுதுகிற எண் மட்டும் உண்மையான சதவீதமாகவே இருக்கட்டும்.

இந்தப் படம் நன்றாகவே பேசும். வட்டத்தில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நகரம், மீதியெல்லாம் கிராமம். பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கம் பேருந்தில் போய்வந்த யாருக்கும் அது சரியென்றே தோன்றும்.

அதே கணக்கெடுப்பிலிருந்து இன்னொன்று வரைந்து பார்ப்போம். அதே மாவட்டம். ஆண்கள் 7,74,303, பெண்கள் 7,32,540. கோணம் போட்டால் ஆண்களுக்கு 185 பாகை, பெண்களுக்கு 175. வரைந்து பார்த்தால் நடுவில் வெட்டிய வட்டம் மாதிரியே இருக்கிறது. பார்ப்பவர் "சமமாக இருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆனால் அந்த எண்ணுக்குள் இருக்கிற செய்தி அது இல்லை. ஆயிரம் ஆண்களுக்கு 946 பெண்கள்தான் என்பது செய்தி. பெண் சிசுக்கொலைக்கு எதிராக இந்த மாவட்டத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தவர்களுக்கு அந்த 54 எவ்வளவு பெரியது என்று தெரியும். வட்டப்படம் அதை மறைத்துவிடுகிறது. விதிப்படி படத்தில் குறையில்லை, முழுசும் சரி, கூறும் சரி. இருந்தும் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. இந்த மாதிரி இடத்தில் "1000-க்கு 946" என்று ஒரு வரி எழுதுவதே மேல்.

நம் கண்ணின் பழக்கம்தான் காரணம். நீளத்தை ஒப்பிடுவதில் கண் கெட்டி, கோணத்தை ஒப்பிடுவதில் அவ்வளவு இல்லை. வில்லியம் கிளீவ்லண்ட், ராபர்ட் மெக்கில் என்ற புள்ளியியலாளர்கள் 1984-ல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்துக் காட்டியது. ஒரே அடிக்கோட்டின் மேல் நிற்கிற அளவுகளை மனிதர்கள் துல்லியமாக ஒப்பிட்டார்கள், கோணங்கள் என்று வந்தபோது தவறு கூடியது. அதனால் "எது சற்றே அதிகம்?" என்பது கேள்வியானால், அளவுக்கேற்ற உயரத்தில் பட்டைகளை வரிசையாக நிறுத்துகிற பட்டை விளக்கப்படம் வரையுங்கள். "முழுசில் இது பாதியா, காலா, கொஞ்சமா?" என்பது கேள்வியானால் வட்டம் பொருந்தும். பாதியும் காலும் நம் கண்ணுக்குப் பழகின கோணங்கள்.

இனி, முழுசே இல்லாமல் வரையப்படும் வட்டங்களைப் பார்ப்போம். என் அக்கா மகள் எட்டாம் வகுப்பில் படிக்கும்போது ஒரு செயல்திட்டத்துக்காக ராயக்கோட்டைச் சந்தையின் தக்காளி விலையை ஆறு மாதத்துக்குச் சேகரித்தாள். உழைப்பு உண்மையான உழைப்பு. அதை அழகாக ஆறு வண்ணத்தில் வட்டமாக வரைந்துகொண்டு வந்து காட்டினாள்.

"ஆறு மாத விலையையும் கூட்டினால் என்ன வருது கண்ணு?" என்று கேட்டேன்.

கூட்டிச் சொன்னாள்.

"அது எதோட விலை?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "எதோட விலையும் இல்ல சித்தி."

அவ்வளவுதான், அவளே கண்டுபிடித்துவிட்டாள். ஜனவரி விலையையும் பிப்ரவரி விலையையும் கூட்டினால் வருகிற எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. கூட்டல் தொகைக்கு அர்த்தம் இல்லை என்றால் அங்கே முழுசு இல்லை. ஏறி இறங்குகிற விலைக்குக் கோட்டு வரைபடம்தான் சரி. தக்காளி ஒரு மாதம் ஏறி அடுத்த மாதம் தரையில் விழுகிற கதையை அந்தக் கோடு அப்படியே காட்டிவிடும். அன்று சாயங்காலமே அவள் அதை மாற்றி வரைந்தாள்.

இன்னொரு வகை இதைவிட நுட்பமானது. ஒரு கிராமத்தில் 40 விவசாயிகளிடம் என்ன பயிர் வைத்தீர்கள் என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். 30 பேர் கேழ்வரகு, 24 பேர் அவரை, 18 பேர் தக்காளி என்கிறார்கள். கூட்டினால் 72. கேட்டதோ 40 பேரிடம். நம் பக்கத்துக் கொல்லைகளில் கேழ்வரகுக்கு நடுவே சால்விட்டு அவரை போடுவது காலங்காலமாக நடப்பதுதானே? ஒரே ஆள் இரண்டிலும் எண்ணப்பட்டிருக்கிறார். இதை வட்டமாக்கினால் கேழ்வரகுக்கு 72-ல் 30, அதாவது 42 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. உண்மையில் நான்கு பேரில் மூன்று பேர் விதைத்த பயிர், படத்தில் பாதியைக்கூட எட்டாமல் நிற்கும். ஒருவர் ஒரு கூறுக்குள் மட்டும்தான் வர முடியும் என்றால் மட்டுமே வட்டம். ஒருவர் பல பதில் சொல்லலாம் என்றால் பட்டை.

மூன்றாவது, முழுசு இருக்கும், ஆனால் இடையில் மாறிப்போயிருக்கும். இது தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துக்காரர்களும் கட்டாயம் கவனிக்க வேண்டியது. 2001 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் மக்கள்தொகை 28 லட்சத்துக்கும் மேல். 2011-ல் 15 லட்சம். யாரும் ஊரைவிட்டு ஓடிவிடவில்லை. 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது, அவ்வளவுதான். அதற்கு முன் 1965-ல் தருமபுரியே சேலத்திலிருந்து பிரிந்து வந்த மாவட்டம். ஆக "தருமபுரி மாவட்டத்தில் நகரவாசிகள் பங்கு" என்று 2001-க்கு ஒரு வட்டமும் 2011-க்கு ஒரு வட்டமும் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பெயர் ஒன்றாக இருந்தாலும் முழுசு வேறு. ஓசூர் உள்ளே இருக்கிற வட்டமும் ஓசூர் இல்லாத வட்டமும் எப்படி ஒன்றாகும்? பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டுமானால் 2011-க்கு இரண்டு மாவட்டத்தையும் சேர்த்து ஒரு வட்டம் போட வேண்டும்.

இரண்டு வட்டங்களைப் பக்கத்தில் வைப்பதிலேயே இன்னொரு ஆபத்து இருக்கிறது. மாமரம் ஒரு வருஷம் நன்றாகக் காய்த்தால் அடுத்த வருஷம் குறைவாகக் காய்க்கும். எங்கள் தோப்பில் ஒரு வருஷம் 12 டன் வந்து, மறுவருஷம் 6 டன்தான் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா ரகமும் ஒரே அளவில் குறைந்திருந்தால் இரண்டு வருஷத்து வட்டமும் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கும். பாதி வருமானம் போனது படத்தில் தெரியவே தெரியாது. வட்டம் பங்கைத்தான் சொல்லும், அளவைச் சொல்லாது. ஆகவே ஒவ்வொரு வட்டத்துக்கும் கீழே மொத்தத்தை எழுதுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: "மொத்தம் 12 டன்", "மொத்தம் 6 டன்". வட்டத்தின் அளவையே மாற்றிக் காட்டலாம் என்றால் அதற்கும் கணக்கு உண்டு. கண் பார்ப்பது பரப்பை. ஆரத்தை இரட்டிப்பாக்கினால் பரப்பு நான்கு மடங்காகிவிடும். 12 டன்னுக்கும் 6 டன்னுக்கும் ஆரம் இரண்டு மடங்கு வேறுபடக் கூடாது, சுமார் 1.4 மடங்குதான். 6 டன் வட்டத்துக்கு 5 சென்டிமீட்டர் ஆரம் என்றால் 12 டன்னுக்கு 7 சென்டிமீட்டர். 1858-ல் பிரான்சின் பொறியாளர் சார்ல் மினார், எந்தப் பகுதியிலிருந்து பாரிசுக்கு எவ்வளவு இறைச்சி போகிறது என்று வரைபடத்தின் மேலேயே வட்டங்களை வைத்துக் காட்டியபோது, வட்டத்தின் அளவையும் இப்படித்தான் பேச வைத்தார்.

கணினியில் வரைவது சில நொடி வேலை. எக்ஸெல், கூகுள் ஷீட்ஸ், இலவசமாகக் கிடைக்கிற லிப்ரே ஆபீஸ், எதுவானாலும் முறை ஒன்றுதான். முதல் நெடுவரிசையில் பெயர்கள், இரண்டாவதில் எண்கள். பெரிய எண் மேலே வரும்படி வரிசைப்படுத்துங்கள். எக்ஸெல் நாம் எழுதிய வரிசையிலேயே 12 மணி இடத்திலிருந்து சுற்றிக்கொண்டு போகும். இரண்டு நெடுவரிசையையும் தேர்ந்தெடுத்து, இன்செர்ட் என்ற இடத்தில் சார்ட், அதில் பை. போனில் கூகுள் ஷீட்ஸ் வைத்திருந்தால் மேலே இருக்கிற கூட்டல் குறியைத் தொட்டால் சார்ட் வரும்.

தேர்ந்தெடுக்கும்போது கடைசியில் இருக்கிற "மொத்தம்" வரியைச் சேர்த்துவிடாதீர்கள். சேர்த்தால் வட்டத்தில் சரிபாதி "மொத்தம்" என்று ஒரு துண்டாகிவிடும், மற்ற எல்லாம் மீதிப் பாதிக்குள் நெருக்கிக்கொள்ளும். பாதி வட்டம் ஒரே நிறத்தில் வந்தால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

சாய்த்து வைத்த தட்டு மாதிரி முப்பரிமாணத்தில் ஒரு வகை இருக்கும். பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும், ஆனால் தயவுசெய்து அதை எடுக்காதீர்கள். முன்பக்கத் துண்டுக்கு அதன் தடிமனும் சேர்ந்து தெரிவதால் பெரிதாகத் தோன்றும், பின்பக்கத் துண்டு சிறுத்துவிடும். துண்டுகள் ஐந்தாறுக்குள் இருக்கட்டும். பொடிப்பொடியானவற்றை "மற்றவை" என்று சேர்த்துக் கடைசியில் வையுங்கள். அந்த "மற்றவை"யே பெரிய துண்டாகிவிட்டால் பிரித்த முறை சரியில்லை என்று பொருள். பெயரையும் சதவீதத்தையும் துண்டின் மேலேயே எழுதுங்கள். ஓரத்தில் வண்ணக் கட்டம் போட்டு விளக்கினால் படிப்பவர் கண் இங்குமங்கும் அலைய வேண்டியிருக்கும். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கச் சிரமப்படுபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டாம். கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு நகல் எடுத்துப் பார்த்துவிடுங்கள். கணினியில் தனித்தனியாகத் தெரிந்த ஊதாவும் பச்சையும் ஜெராக்ஸில் ஒரே சாம்பலாகிவிடும்.

கையால் பழக ஒரு கணக்கு தருகிறேன். ஒரு குடும்பத்தின் மாதச் செலவு 18,000 ரூபாய். மளிகை 5,400, வாடகை 4,500, பிள்ளைகள் படிப்பு 2,700, பால் காய்கறி 2,340, மின்சாரம் கேஸ் போன் மூன்றும் சேர்த்து 1,800, பேருந்தும் பெட்ரோலும் 1,260. முதலில் கூட்டிப் பாருங்கள், 18,000 வருகிறதா என்று. 50 ரூபாய்க்கு ஒரு பாகை. அதே வரிசையில் கோணங்கள் 108, 90, 54, 46.8, 36, 25.2 என்று வரும். கோணமானிக்காக 47 என்றும் 25 என்றும் வைத்துக்கொள்ளலாம், மொத்தம் 360 கெடாது. முதல் கோட்டிலிருந்து குறிக்க வேண்டிய இடங்கள் 108, 198, 252, 299, 335, 360.